மலைச் சபையில் ஒரு புகார்: ஊழியர், தன்னார்வலர் நடத்தை நெறி குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் சபை, சேலத்திலோ ஏற்காட்டிலோ உள்ள எந்தக் குறிப்பிட்ட சபையும் அன்று. சபை ஊழியர்களுக்கும் தன்னார்வலர்களுக்குமான பயிற்சி வகுப்புகளில் விவாதிப்பதற்காக, சபைகளில் வழக்கமாக எழும் சூழ்நிலைகளை இணைத்து அமைக்கப்பட்ட நிகழ்வு இது. மாந்தர்களும் அவர்களுடைய செயல்களும் அமைக்கப்பட்டவை; மலைப்பாதை, சபை வழக்கங்கள், சட்டப் பிரிவுகள் ஆகியவை உள்ளபடியே தரப்பட்டுள்ளன. பாதிக்கப்பட்ட சிறுவனுக்கு நேர்ந்தது என்ன என்ற விவரம் இதில் இடம்பெறாது. அந்த விவரம் தெரியாமலேயே சபை எந்த இடத்தில் தவறியது என்பதைக் காண முடியும் என்பதால் மட்டுமல்ல, அந்த விவரத்தைக் கேட்டறிய வேண்டும் என்ற ஆவலே சபைகள் செய்யும் முதல் தவறாக இருக்கிறது என்பதாலும் அது விடப்பட்டுள்ளது.

சபையும் சூழலும்

சேலம் நகரில் ஏறத்தாழ இருநூறு குடும்பங்களைக் கொண்ட சபை அது. ஏற்காட்டைத் தாண்டிக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, லைன் வீடுகளில் வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்கென அதற்கு ஒரு கிளைச்சபையும் இருந்தது. நகரத்து வாலிபர்கள் சனிக்கிழமைதோறும் மலையேறி, பிள்ளைகளுக்குப் பாட்டும் வேதபாடமும் கற்பித்து, ஞாயிறு ஆராதனை முடிந்தபின் இறங்குவது வழக்கம். மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளியும் வாலிபர் முகாமும் மலைமேலேயே நடக்கும். சேலத்து வெயிலுக்கு ஏற்காடு தரும் நிழலை அறிந்தவர்களுக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

கிளைச்சபையில் கீபோர்டு வாசிக்கவும் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பயிற்சி அளிக்கவும் முன்வந்தவர், முப்பது வயதைக் கடந்த, நல்ல வேலையிலிருந்த, திருமணமாகாத ஒருவர். இவ்வாய்வில் அவரைப் பயிற்றுநர் என்றே குறிப்பிடுவோம். பிள்ளைகளுக்கு அவர் அண்ணன். சொந்தக் காரில் வருவார். சபையிடம் பெட்ரோல் செலவுகூடக் கேட்டதில்லை. பேருந்து தவறிய பிள்ளைகளை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார். நன்றாகப் பாடிய பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார். பழைய கைபேசி ஒன்றைக் கொடுத்து ரீசார்ஜும் செய்துவந்தார். தேர்வு நாட்களில் அவனைச் சேலத்திலிருந்த தம் வீட்டிலேயே தங்கவைத்தார். சிறுவனின் தந்தை தோட்டத் தொழிலாளி. மகனைப் படிக்கவைக்க ஆண்டவர் அனுப்பிய மனிதர் என்று பயிற்றுநரைப் பற்றிச் சாட்சிக் கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னபோது சபையார் மகிழ்ந்தார்கள்.

மேலே சொன்ன ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நற்செயல். தனியாகக் காரில் அழைத்துச் செல்லுதல், பணம் கொடுத்தல், கைபேசி கொடுத்தல், இரவில் தங்கவைத்தல் ஆகிய நான்கும் ஒரே பெரியவரிடமிருந்து ஒரே பிள்ளைக்கு, பிறர் பார்வைக்கு எட்டாத வகையில் சென்றன என்பதை அப்போது யாரும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டிய பொறுப்பு எவருக்கும் எழுத்தில் ஒப்படைக்கப்படவும் இல்லை.

முதல் புகார்

வாலிபர் முகாமில் சமையல் பொறுப்பை ஏற்றிருந்தவர் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த ஓர் அம்மாள். ஆண்பிள்ளைகள் அனைவரும் பெரிய கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்க, பயிற்றுநர் மட்டும் தனி அறை எடுத்து, சளி பிடித்திருக்கிறது என்ற காரணத்தைச் சொல்லி அந்தச் சிறுவனைத் தம் அறையில் படுக்கவைத்ததை அவர் கவனித்தார். மறுநாள் காலைச் சிற்றுண்டியின்போது சிறுவன் யாரிடமும் பேசாமலிருந்ததும் அவர் கண்ணில் பட்டது. அவர் பார்த்தது அவ்வளவுதான். ஆனால் மனம் ஒப்பவில்லை. முகாம் முடிந்து இறங்கும் வழியில் சபைச் செயலரிடம் அதைச் சொன்னார்.

செயலர் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். ஆயினும் அந்த அம்மாளின் சொல்லை ஏற்பதென்றால், பத்தாண்டுகளாகச் சபைக்கு உழைத்த ஒருவரை மிகக் கொடிய குற்றம் செய்தவராகக் கருத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஏற்க மறுப்பதென்றால் அந்த அம்மாளைப் புறங்கூறுபவராக்க வேண்டும். இரண்டுக்கும் துணியாமல், ஜெபத்தில் வைப்போம் அக்கா, வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

நடத்தை நெறிமுறை எதற்கு என்ற கேள்விக்கு இந்த உரையாடலைவிடத் தெளிவான விடை கிடையாது. நெறிமுறை இல்லாத சபையில், சந்தேகம் கொண்டவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்று: இவர் கெட்டவரா? உறவும் கொடுக்கல் வாங்கலும் பின்னிக்கிடக்கும் சிறிய சபையில் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பவர் யாருமில்லை. முகாமில் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையுடன் தனி அறையில் தங்கக் கூடாது என்ற ஒரு வரி முன்பே எழுதப்பட்டு எல்லோராலும் கையொப்பமிடப்பட்டிருந்தால், அந்த அம்மாள் அன்று இரவே, அண்ணே, பையனைக் கூடத்தில் படுக்கவையுங்கள், விதி அப்படித்தானே என்று சொல்லியிருக்கலாம். யாருடைய உள்ளத்தையும் அவர் தீர்ப்பிட வேண்டியிருந்திராது. குற்றமற்றவர் சிரித்துக்கொண்டே பாயை எடுத்துக்கொண்டு வந்திருப்பார்; மறுத்திருந்தால் அந்த மறுப்பே செயலர் பதிவு செய்யத்தக்க செய்தியாகியிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இச்சபையில் நடத்தை குறித்த எழுதாத வழக்கங்கள் ஏராளமாக இருந்தன. ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமும் அமர்வார்கள். வாலிபப் பெண்களுடன் ஆண் ஊழியர் தனியே பேசினால் மறுவாரமே பேச்சு கிளம்பும். அந்தக் கட்டுப்பாடு முழுவதும் ஆண், பெண் என்ற கோட்டின்மீதே எழுப்பப்பட்டிருந்தது. பையன் ஒருவன் ஓர் அண்ணனோடு தங்கினால் அதில் பார்க்க எதுவுமில்லை என்று எல்லோரும் எண்ணினர். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது போக்சோ, பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரையும் ஆண், பெண் வேறுபாடின்றிக் குழந்தை என்றே வரையறுக்கிறது. சபைகளின் பழக்கம் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நெடுந்தொலைவில் நின்றது.

வெஸ்ட்ரியில் நடந்த கூட்டம்

சில வாரங்களில் பேச்சு எப்படியோ போதகரின் காதுக்கு எட்டியது. அவர் செயலரைப் போல் ஒதுங்கவில்லை, உடனே செயல்பட்டார். செயல்பட்ட விதம்தான் சேதத்தைப் பெருக்கியது. ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் பயிற்றுநர், சிறுவன், அவன் தந்தை, இரண்டு மூப்பர்கள் ஆகியோரை வெஸ்ட்ரிக்கு, அதாவது ஆலயத்தை ஒட்டிய போதகரின் அறைக்கு, அழைத்துக் கதவைச் சாத்தி, ஜெபித்துவிட்டு, தம்பி, அண்ணன் உன்னிடம் ஏதாவது தவறாக நடந்துகொண்டாரா, பயப்படாமல் சொல் என்று கேட்டார். சிறுவன் இல்லை என்று தலையசைத்தான். தந்தை கைகூப்பி, எங்களால் ஐயாவுக்கும் தம்பிக்கும் சங்கடம் என்று மன்னிப்புக் கேட்டார். பயிற்றுநர் அழுதார். எல்லோரும் கைகோத்து ஜெபித்தனர். விஷயம் தீர்ந்ததாகக் குறிப்பேட்டில்கூட எழுதப்படவில்லை.

போதகர் பின்பற்றியதாக நினைத்தது மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தின் ஒழுங்கை: குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே போய்ச் சொல், கேளாவிட்டால் ஓரிருவரை உடனழைத்துச் செல், அதற்கும் கேளாவிட்டால் சபைக்குத் தெரிவி. சமநிலையிலுள்ள இரண்டு பெரியவர்களுக்கிடையே எழும் மனத்தாங்கலுக்கு இது அருமையான வழி. கட்டணத்துக்கும் கைபேசிக்கும் தேர்வு நாள் சோற்றுக்கும் கடன்பட்ட பதினான்கு வயதுப் பிள்ளையை, கடன் கொடுத்தவரின் முகத்துக்கு நேரே உட்காரவைத்துப் பேசச் சொல்வதற்கு அந்த வசனத்தில் இடமில்லை. அதே அதிகாரத்தின் 6ஆம் வசனம், சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குபவனைப் பற்றி, கழுத்தில் எந்திரக் கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்கிறது. ஒன்பது வசனங்கள் தள்ளி வருவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இதைத் தாண்டிச் செல்லும் வாசிப்பு வியப்புக்குரியது.

மூப்பர்களில் ஒருவர் எடுத்துக்காட்டிய 1 தீமோத்தேயு 5:19ஐயும் இங்கே சொல்ல வேண்டும். மூப்பர்மீதான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக் கூடாது என்பது அதன் பொருள். இத்தகைய குற்றங்கள் சாட்சிகள் இல்லாத இடத்தில்தான் நடக்கின்றன. அதைச் செய்பவர் முதலில் தேடுவதே அத்தகைய இடத்தை. பவுல் அங்கே பேசுவது சபைக்குள் ஒருவரைக் கண்டிக்கும் முறையைப் பற்றியே ஒழிய, காவல்துறையிடம் தகவல் சொல்வதற்கு முன் சபை எவ்வளவு ஆதாரம் திரட்ட வேண்டும் என்பதைப் பற்றி அன்று. அடுத்த வசனமே பாவம் செய்கிறவர்களை எல்லோர் முன்பும் கடிந்துகொள்ளச் சொல்கிறது என்பதை அந்த மூப்பர் வாசிக்கவில்லை.

வெஸ்ட்ரியில் நடந்ததைச் சட்டத்தின் அருகில் வைத்தால் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவு, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி ஒருவர், சீருடை இன்றிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. விசாரணையின் எந்தக் கட்டத்திலும் குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரை எதிர்கொள்ள நேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. சாட்சியம் பதியும்போது குழந்தையின் கண்ணில் குற்றம் சாட்டப்பட்டவர் படக் கூடாது என்ற கடமையை 36ஆம் பிரிவு நீதிமன்றத்தின்மீதே சுமத்துகிறது. காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் தடுக்கப்பட்ட ஒன்றை ஒரு போதகர் நல்லெண்ணத்தோடு, ஜெபத்தோடு, சாத்திய கதவுக்குள் செய்து முடித்தார். அதன்பின் சிறுவன் ஓராண்டு வாய் திறக்கவில்லை.

சட்டம் சபையிடம் கேட்பது

சிறுவனின் அக்கா கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது தம்பியின் கைபேசியில் கண்டவற்றை, ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவரிடம் சொன்னாள். அந்த ஆசிரியை அரசுப் பள்ளியிலும் பணியாற்றுபவர் என்பதால், தகவல் சொல்வது விருப்பமல்ல, கடமை என்பதை அங்கே கேட்டிருந்தார். போதகரின் அனுமதிக்குக் காத்திராமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தார். பின்னர்தான் போதகருக்குத் தெரிவித்தார். இந்த வரிசை தற்செயலாக அமைந்தாலும் சரியானது. பயிற்சி வகுப்புகளில் மிகுந்த எதிர்ப்பைச் சந்திக்கும் இடமும் இதுவே.

போக்சோ 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்தது என்று அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும், உள்ளூர்க் காவல்துறைக்கோ சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் தர வேண்டும். ஆதாரம் திரட்டுவதும் உண்மையை நிறுவுவதும் தகவல் தருபவரின் வேலை அன்று. குற்றம் நடந்ததை அறிந்தும் மறைப்பவருக்கு 21ஆம் பிரிவு ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. நிறுவனம் ஒன்றின் பொறுப்பாளராக இருந்துகொண்டு, தமக்குக் கீழ் பணியாற்றுபவரின் குற்றத்தைத் தெரிவிக்காதவருக்கு அது ஓராண்டுவரை சிறையும் அபராதமும் ஆகிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது, பின்னர் குற்றம் நிரூபிக்கப்படாவிட்டாலும், சிவில் வழக்கோ குற்ற வழக்கோ தொடர முடியாது. தகவல் பெற்ற காவல்துறை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சமய நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர், அந்த நிறுவனத்திலுள்ள குழந்தைக்கு இழைக்கும் குற்றத்தைச் சட்டம் கடுமையாக்கப்பட்ட குற்ற வகையில் சேர்த்திருப்பதும் சபைப் பொறுப்பாளர்கள் பலருக்குப் புதிய செய்தி.

போதகரிடம் சொன்னது இரகசியம் அல்லவா என்ற கேள்வி எப்போதும் வரும். கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனத்தின், அதாவது குருவிடம் செய்யும் பாவ அறிக்கையின், இரகசிய முத்திரை அதன் சட்டத் தொகுப்பின்படி மீற முடியாதது. அது தனியே பேசப்பட வேண்டிய பொருள். இந்த நிகழ்வில் பாவசங்கீர்த்தனம் எதுவும் இல்லை. ஆலோசனைக்காகவோ ஜெபத்துக்காகவோ சொல்லப்படும் செய்திக்கு, வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்கு உள்ளது போன்ற பாதுகாப்பை பழைய இந்தியச் சாட்சியச் சட்டமும் வழங்கவில்லை, 2024இல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியமும் வழங்கவில்லை. 19ஆம் பிரிவும் போதகர்களுக்கு விலக்கு எதையும் சொல்லவில்லை. ஆகவே பிள்ளையிடம் பேசத் தொடங்கும்போதே, இதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குறுதி கொடுக்கக் கூடாது. உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று சொல்லலாம்.

மூன்று ஆளுகைகள்

சேலத்துச் சபைகள் ஒரே மாதிரியாக ஆளப்படுவதில்லை என்பதும் இவ்வாய்வுக்குத் தேவையான செய்தி. 1930இல் நிறுவப்பட்ட சேலம் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் பங்குத்தந்தைக்கு மேல் ஆயர் இருக்கிறார். திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் பிறப்பித்து 2023இல் நிரந்தரமாக்கிய விதிகள், குருக்களும் துறவியரும் இத்தகைய குற்றங்களை அறியும்போது திருச்சபை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்கியுள்ளன. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் கோவை திருமண்டலத்துக்குட்பட்ட சேகரங்களில் ஆயருக்கு மேல் (அங்கே ஆயர் என்பது போதகரைக் குறிக்கும்) பேராயரும் நிர்வாகக் குழுவும் உண்டு. சுயாதீனச் சபைகளில் போதகருக்கு மேல் போதகரே. இந்த நிகழ்வின் சபை மூன்றாம் வகை. அதன் அறக்கட்டளையில் போதகர், அவருடைய மனைவி, மைத்துனர், நெடுநாள் நண்பர் ஒருவர் ஆகியோரே இருந்தனர். புகார்க் குழு அமைக்கச் சொன்னால், அந்தக் குழுவில் மைத்துனரைச் சேர்ப்பதுதான் இத்தகைய இடங்களில் முதலில் நடக்கிறது.

நெறிமுறை எழுதப்பட்ட விதம்

வழக்கு பதிவாகி, பயிற்றுநர் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விலக்கப்பட்ட பின், சபைக் குழு ஒரு நெறிமுறையை எழுத முற்பட்டது. முதல் வரைவு இணையத்திலிருந்து எடுக்கப்பட்ட வெளிநாட்டுச் சபை ஒன்றின் விதிகள். அது இரண்டு கூட்டங்களுக்குமேல் தாங்கவில்லை. எந்தத் தன்னார்வலரும் தனியாகப் பிள்ளையை வாகனத்தில் அழைத்துச் செல்லக் கூடாது என்று அதில் இருந்தது. கிளைச்சபையின் அம்மாமார்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். பயிற்சி முடியும்போது இருட்டிவிடும், பனி இறங்கும், எஸ்டேட் பாதையில் பேருந்து நின்றுபோயிருக்கும், காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பெற்றோர் களத்திலிருந்து திரும்பியிருக்கமாட்டார்கள். காரில் ஏற்றாமல் பிள்ளையை நடக்கவிடுவது எந்த வகையில் பாதுகாப்பு என்று அவர்கள் கேட்டனர். விதி சரி, அது எழுதப்பட்ட ஊர் வேறு.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. பயிற்சி நேரம் மாலையிலிருந்து சனிக்கிழமை முற்பகலுக்கு மாற்றப்பட்டது. சிக்கலில் பாதி அத்தோடு தீர்ந்தது. அழைத்துச் செல்ல நேர்ந்தால் வேனில் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அவ்விருவரும் ஒரே குடும்பத்தினராக இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. இரண்டாமவர் தம் வீடு வந்ததும் இறங்கிக்கொண்டால், கடைசி வீட்டுப் பிள்ளை ஓட்டுநரோடு தனித்துவிடும். மலையில் கடைசி வீடு என்பது பெரும்பாலும் மிகத் தொலைவான, விளக்கில்லாத பாதையின் முடிவில் இருப்பது. ஆகவே கடைசிப் பிள்ளை இறங்கும்வரை இரண்டாமவர் வண்டியிலேயே இருக்க வேண்டும், ஓட்டுநர் அவரைத்தான் இறுதியாக இறக்கிவிட வேண்டும் என்று எழுதினார்கள். எதிர்பாராத நிலையில் ஒரே பெரியவர் அழைத்துச் செல்ல நேர்ந்தால், கிளம்புமுன் பெற்றோருக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் தெரிவித்து, பிள்ளையைப் பின்னிருக்கையில் அமர்த்தி, அன்றே பதிவேட்டில் எழுத வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் கைபேசித் தொடர்பு அறுபடும் என்பதால் கிளம்பிய பின் சொல்லலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை என்பதையும் அந்த அம்மாமார்களே சேர்த்தார்கள்.

கைபேசி விஷயத்தில் விதி எளிது, கடைப்பிடிப்பது கடினம். பிள்ளைகளோடு செய்திப் பரிமாற்றம் பெற்றோரும் இன்னொரு பெரியவரும் உள்ள குழுவில் மட்டுமே. இரவு எட்டு மணிக்குமேல் இல்லை. தாமாக அழியும் செய்தி அமைப்பு கூடாது. பிள்ளை தனியே எழுதினால், பதிலைக் குழுவில் தர வேண்டும் அல்லது ஒருங்கிணைப்பாளருக்குக் காட்ட வேண்டும். வாலிபர் சங்கத்தினர் இதை அவநம்பிக்கை என்றனர். ஆறுதல் தேடி இரவில் எழுதும் பிள்ளைக்கு மறுநாள் காலைவரை பதில் சொல்லாமலிருப்பது இரக்கமா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. தற்கொலை எண்ணம், அடி, ஆபத்து போன்றவற்றுக்கு உடனே பேசலாம், பேசிய உடனே இன்னொரு பெரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற திருத்தத்தோடு அது ஏற்கப்பட்டது.

பணமும் பரிசும் பற்றிய பிரிவே இந்த நிகழ்வின் வேரைத் தொடுவது என்பது என் கருத்து. தனிப்பட்ட கொடை தடுக்கப்படவில்லை. ஆனால் அது பொருளாளர் வழியாக, இரசீதோடு, கொடுப்பவர் பெயர் பெறும் குடும்பத்துக்குத் தெரியாத வகையில் செல்ல வேண்டும். கொடையாளர் பெயர் தெரியாத இடத்தில் கடன்பட்ட உணர்வுக்கு ஆள் கிடையாது. எருசலேமுக்கு உதவித்தொகை கொண்டுசென்ற பவுல், ஒருவரும் குறை சொல்ல இடமிராதபடி சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரை உடனழைத்துச் சென்றதை 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. காணிக்கை எண்ண உறவினரல்லாத இருவர் வேண்டும் என்ற விதியை எவ்வித எதிர்ப்புமின்றி நெடுங்காலமாகப் பின்பற்றிய சபை, பிள்ளைகளோடு இருக்க இருவர் வேண்டும் என்றபோது மட்டும் மனம் புண்பட்டது ஏன் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பதில் சொல்ல யாரும் எழவில்லை.

மற்ற பிரிவுகளைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். ஆலோசனை அறையின் கதவில் கண்ணாடி இருக்க வேண்டும். சுகத்துக்காக ஜெபிக்கும்போது கை வைப்பது தலையிலோ தோளிலோ மட்டும், பிறர் பார்க்கும் இடத்தில், கேட்டுக்கொண்ட பிறகு. பிள்ளைகளின் படங்களைத் தனிநபர் பக்கங்களில் போடக் கூடாது. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள், பிள்ளைகளோடு தொடர்ந்து தொடர்பிலிருக்கும் நிறுவனங்கள் தம் பணியாளர்களைக் காவல்துறை வழியாகச் சரிபார்க்கவும் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் சொல்வதால், ஊதியம் பெறுபவர், பெறாதவர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் அது பொருந்தும் என்று சபை முடிவு செய்தது. புதிதாக வருபவர் ஆறு மாதம் சபையில் இருந்த பின்பே பிள்ளைகள் பணியில் சேர்க்கப்படுவார்.

நெறிமுறை எழுதும்போது எதிர்பாராமல் எழுந்த பொருள் ஒன்று உண்டு. மலைக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைப் படிக்கவைப்பதாக அழைத்துவந்து, ஊழியர் வீடுகளில் பாத்திரம் துலக்கவும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் வைத்திருக்கும் பழக்கம் அது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்துவது குற்றம். சொந்தக் குடும்பத்துக்குப் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் இதற்குப் பொருந்தா. போதகரின் வீட்டிலேயே அப்படி ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அவளைப் பற்றிய பேச்சு தொடங்கியதும் கூட்டம் தேநீருக்காக ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதம் அவள் தாயிடம் திரும்பி, அருகிலுள்ள பள்ளியில் சேர்ந்தாள் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். தேநீருக்குப் பிறகு யாரோ பேசியிருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கிடையிலான நடத்தை குறித்தும் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியமின்றித் தன்னார்வமாகப் பணியாற்றுபவரையும் பணியாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் இடத்தில் புகார்களை விசாரிக்கும் உட்குழு வேண்டும். அதன் தலைவர் பெண்ணாகவும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதோர் பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். புகார் கொடுக்க மூன்று மாதம், விசாரணையை முடிக்கத் தொண்ணூறு நாள். சபை அலுவலகத்தில் தட்டச்சு செய்பவரும் பாடகர் குழுவில் பாடுபவரும் துப்புரவுப் பணி செய்பவரும் இதில் அடங்குவர் என்று எழுதியபோது, துப்புரவுப் பணி செய்யும் அம்மாளை அந்தக் கூட்டத்துக்கு யாரும் அழைத்திருக்கவில்லை என்பது தெரியவந்தது.

விலக்கப்பட்டவரும் குடும்பமும்

பயிற்றுநர் பிணையில் வெளிவந்ததும் ஆராதனைக்கு வரலாமா என்ற கேள்வி எழுந்தது. தீர்ப்பு வரவில்லை, ஆகவே குற்றவாளி என்று சபை அவரை அழைக்க முடியாது. அதே வேளையில் தீர்ப்பு வரும்வரை எதுவும் செய்யக் கூடாது என்பதும் பொருந்தாது. நீதிமன்றம் கேட்பது அவர் தண்டிக்கத்தக்கவரா என்பதை. சபை கேட்க வேண்டியது பிள்ளைகளை அவரிடம் ஒப்படைக்கலாமா என்பதை. பிள்ளைகள் வராத வார நாள் ஜெபக்கூட்டம் ஒன்றுக்கு மட்டும், மூப்பர் ஒருவர் உடனிருக்க வரலாம், கிளைச்சபைக்கும் முகாம்களுக்கும் வரக் கூடாது என்று எழுத்தில் தெரிவிக்கப்பட்டது. நீதிமன்றம் விதித்த பிணை நிபந்தனைகள் இவற்றுக்கு மேலானவை என்பதும் அதே கடிதத்தில் இருந்தது.

சபையார் இரண்டாகப் பிரிந்தனர். பயிற்றுநருக்காக உபவாச ஜெபம் அறிவிக்கப்பட்டது. சிறுவனுக்காக அறிவிக்கப்படவில்லை, ஏனெனில் பெயரைச் சொல்லக் கூடாது. அடையாளத்தைக் காக்கும் சட்டத்தின் நோக்கம் பிள்ளைக்குத் துணை செய்வது. சபை அதை அவனைப் பற்றிப் பேசாமலிருப்பதற்கான வசதியாக மாற்றிக்கொண்டது. இதை உணர்ந்து முதலில் மலையேறியவர் முகாமில் சமைத்த அந்த அம்மாள்தான். சட்டப்படி குடும்பத்துக்குத் துணைநபர் ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தாலும், நீதிமன்றத் தேதிகளில் தந்தையின் ஒருநாள் கூலி போவதைக் கவனித்து, அதைப் பொருளாளர் வழியாக ஈடுசெய்ய ஏற்பாடு செய்தவரும் அவரே. பள்ளிக் கட்டணம் இப்போது உதவி நிதியிலிருந்து போகிறது.

போதகர், வெஸ்ட்ரியில் நடந்ததற்காகத் தந்தையிடம் தனியே மன்னிப்புக் கேட்டார். சபைக்கு முன் கேட்க வேண்டும் என்று ஞாயிறு பள்ளி ஆசிரியை வற்புறுத்தினார். அப்படிக் கேட்டால் சிறுவன் யாரென்று தெரிந்துவிடும் என்று போதகர் பதில் சொன்னார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பெயரும் இடமும் இல்லாமல், பிள்ளைகள் தொடர்பான புகார் ஒன்றைச் சபை தவறாகக் கையாண்டது என்று குழுவின் அறிக்கையாக வாசிக்கும் நடுவழி இறுதியில் ஏற்கப்பட்டது. வாசித்தவர் செயலர்.

நெறிமுறையின் பதினெட்டுப் பிரிவுகளில் பதினேழு நிறைவேறின. போதகர்மீதே புகார் வந்தால் அதை யார் பெறுவது என்ற பிரிவு நிலுவையில் உள்ளது. சபைக்கு வெளியிலிருந்து, அறக்கட்டளையோடு உறவோ வரவு செலவோ இல்லாத இரண்டு பேர், அவர்களில் ஒருவராவது பெண், அப்புகாரைப் பெற வேண்டும் என்பது வரைவு. சேலத்தில் வேறு சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டார். அறக்கட்டளை, வெளியாரைச் சபை விவகாரத்தில் நுழைக்க வேண்டுமா என்று கேட்டு, வரைவை அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளியிருக்கிறது.